அறுபத்திரண்டு

அறுபது வரை ஒன்றுமில்லை.
அறுபத்தொன்றிலும் இல்லை.
இண்டூர் தாண்டி அந்தச் சின்னப் பாலத்தின் இணைப்பில்
இடது சக்கரம் ஏறி இறங்கும்போது
முள் அறுபத்திரண்டில் இருந்தால்
ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு
சாமி வந்ததுபோல் ஆடும்.

பின்னால் சாமை மூட்டை பதினாலு.
பக்கத்தில் மாதையன்
டேஷ்போர்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு
"பிரேக் அடிக்காதக்கா, அடிக்காதக்கா" என்பான்.
அடிக்க மாட்டேன். காலை மட்டும் எடுப்பேன்.
நாற்பதுக்கு வந்ததும் எதுவுமே நடக்காததுபோல்
நேராகப் போகும், நல்ல பிள்ளை.

பர்கூர் கல்குவாரிக்காரரிடம் வாங்கிய ஜீப்.
நாலு அங்குலம் தூக்கிக் கட்டியதும் அவர்தான்.
வத்தல்மலைப் பாறையில் வயிறு இடிபடாமல் ஏறும்.
ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
விலை குறைவாக இருந்தது.

நல்லம்பள்ளி டயர்க்கடையில் பேலன்சிங் என்றார்கள்,
ரிம்மில் ஈயம் ஒட்டினார்கள்.
கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் பார்த்தது:
எல்லாம் பச்சை, ஆயிரத்து இருநூறு ரூபாய்.
சேலத்தில் புது டேம்பர்.
பதினெட்டு நாள் அடங்கிக் கிடந்தது.
பத்தொன்பதாம் நாள் அதே பாலம், அதே முள்.

பென்னாகரம் சாலையில்
வாட்டர் சர்வீஸை ஒட்டிய தகரக் கொட்டகை.
சென்றாயன் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.
புது டேம்பரைத்தான் முதலில் கழற்றி ஓரமாக வைத்தார்.
"இது வாயைப் பொத்தும். வலி எங்கன்னு சொல்லாது."
ஜாக்கியும் வேண்டாமாம்.
தூக்கினால் ஒளிந்துகொள்ளும்,
பாரம் தரையில் நிற்கும்போதுதான் வாயைத் திறக்கும்.

பிறகு அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.
என்னைக் கீழே போகச் சொன்னார்.
நான் விழித்தேன்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.
"சக்கரை, ஏழு வருஷம். நுனியெல்லாம் மரத்துப்போச்சு.
சூடே தெரியாது, ஆட்டம் எங்க தெரியும்?"

அட்டை விரித்து மல்லாந்தேன்.
மூக்குக்கு மேலே மலைச் செம்மண், இன்னும் ஈரம்.
அவர் ஸ்டியரிங்கை ஒரு சாண் இடம், ஒரு சாண் வலம்.
டிராக் லிங்க்கில் கை வைத்தேன், பேசவில்லை.
பெட்டியின் போல்ட்டுகள், பேசவில்லை.
டை ராடின் இடது முனை:
அங்கே, விரலுக்கும் ரப்பருக்கும் நடுவில்,
காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று.
"இருக்கு" என்றேன்.
"எப்ப? திரும்பும்போதா, திரும்பி நிக்கும்போதா?"
"திரும்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."
மேலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்தது.

"மாத்திடலாம். ஆனா இது அடி வாங்கினது.
அடிச்சவன் வேற."
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு
ஆக்ஸிலின் சாய்வைப் பார்த்தோம்.
சைக்கிளுக்கு முன்போர்க் நெட்டுக்குத்தாக நின்றால்
கையை விட்டு ஓட்ட முடியுமா என்றார்.
தூக்கிக் கட்டியவன் உயரத்தை மட்டும் அளந்திருக்கிறான்.
சாய்வு செத்துப்போயிருந்தது.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே
இரும்பு ஆப்பு, பக்கத்துக்கு ஒன்று.
எனக்கு ஆப்பு வைத்தவர்கள் பட்டியல் நீளம்,
கல்குவாரிக்காரர் அதில் கடைசி.
காசு கொடுத்து நானே வைத்துக்கொண்டது இதுதான்.

சாயங்காலம், அதே பாலம்.
அறுபது. அறுபத்திரண்டு. எழுபதுகூட.
தட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
என் முழங்கைகள் மட்டும் விறைத்தபடி
வராத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

திரும்பி இண்டூர் வரும்வரை
சென்றாயன் மரவள்ளிக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.
பிறகு கேட்டார்:
"கையில எப்படி இருந்துச்சு, அந்த ஆட்டம்?"
யோசித்தேன்.
"விழப்போற பல்லை நாக்கால தள்ளுற மாதிரி."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தர்மபுரி விளக்குகள் தெரியும்வரை
கன்னத்துக்குள் அவர் நாக்கு
எதையோ தேடிக்கொண்டே இருந்தது.