ங் என்று தொடங்கும் பெயர்கள்

முதல் பட்டமளிப்புக்கு நாற்பத்தொரு பேர்.
டத்தோ கிராமாட் சாலையில்
டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி,
அவ்வளவுதான் கல்லூரி.
நாற்காலிகள் எதிர்வரிசைச் சீனச் சங்கத்தில் இரவல்.
பெயர் வாசிக்க ஆளில்லை என்று
கணக்குப் பிரிவில் இருந்த என்னைக் கைகாட்டினார்கள்.

முந்தின இரவு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன்.
'வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?
ஒருமுறை சொல்லுங்கள், மெதுவாக.'
கேட்டதைத் தமிழில் எழுதிக்கொண்டேன்,
மளிகைக் கடன் எழுதும் 555 புத்தகத்தில்.

மூன்றாம் ஆண்டு காய்ச்சலில் படுத்துவிட்டேன்.
இரவு ஒன்பதுக்கு அவர்களே அழைத்தார்கள்:
'மிஸ் பூம், எனக்கு இன்னும் போன் வரவில்லையே?'
அன்றைக்குத்தான் அது வழக்கமானது.

தமிழில் எழுதுவது லேசில்லை.
ஒரே ப-வுக்குள் எத்தனை குடித்தனம்.
ஓங் பீ ஹூன் என்று எழுதிவிட்டுத்
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பிறகு, பாவம், அடியில் ஒரு கோடு போட்டேன்.
கோடு இருந்தால் தம்பியில் வரும் ப,
இல்லாவிட்டால் பல்லில் வரும் ப.

அப்புறம் ங்.
எந்தச் சொல்லுக்கும் முன்னால் நிற்காது,
க-வின் கையைப் பிடித்தபடி நடுவில்தான் வரும்
என்று பள்ளியில் படித்திருந்தேன்.
இங்கே தெருவுக்கு நாலு வீடு அதில் தொடங்குகிறது.
ங் சியூ பெங். ங் காய் வென். ங் தியான் ஹோக்.
அரிச்சுவடியில் வேலையில்லாமல் நின்றதற்கு
என் புத்தகத்தில் தனிப் பக்கம்.

கூலிம், பாரிட் புந்தார் என்றிருந்த ஊர்கள்
பிந்துலு ஆயின, லாகோஸ் ஆயின, சனா ஆயின.
ஜெலியன் அனாக் ரங்காவ்.
மகனா மகளா என்று கேட்டேன்.
'அனாக் என்றால் பிள்ளை, மிஸ். அவ்வளவுதான்.'
ஆயுள் முழுக்க ஏ/பி போட்டுக் கையெழுத்திட்டவள்
அந்தப் போனை உடனே வைக்கவில்லை.

டயர் கடை அப்படியே இருக்கிறது.
நாங்கள்தான் ரெலாவ் மலையடிக்குப் போனோம்:
பதினோரு மாடி, பேசும் லிப்ட்,
பல்கலைக்கழகம் என்ற பெயர்.
இந்த ஆண்டு இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
இயந்திரம் வாசிக்கும் என்றார்கள்.

சோதனைக்குப் போனேன், தப்புப் பிடிக்கத்தான்.
ங்-கை 'என் ஜி' என்று எழுத்துக்கூட்டியது.
மனதுக்குள் கைதட்டினேன்.
அடுத்து ஏமனிலிருந்து வந்த முஆத்.
ஒன்பது ஆண்டாக அந்த ஊர்ப் பெயர்களில்
என் தொண்டை இறங்கத் தெரியாத இடத்துக்கு
அது சாதாரணமாக இறங்கி ஏறியது.
பின்வரிசையில் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

'என்ன செய்யலாம்?' என்றார் பதிவாளர் ஹம்டான்.
மேடையை அதற்கே கொடுங்கள் என்றேன்.
ஆனால் அதற்கு யார் சொல்லித்தருவது?
போன் நிற்கக்கூடாது.

பங்கு போட்டுக்கொண்டோம்.
நூலகத்துக்கு நானூறு, ஆய்வகத்துக்கு முந்நூறு,
கார் நிறுத்துமிடத்துக் காவலர் தாப்பா
தானே கேட்டு எண்பது வாங்கிக்கொண்டார்.
தியோ சீனத்தில் எழுதினான், தாப்பா நேபாளியில்.
555 புத்தகம் இரண்டு பெட்டி வந்திறங்கியது;
எதற்கென்று கேட்டுக் கணக்குப் பிரிவு கடிதம் அனுப்பியது.

எனக்கு ங் பக்கம். தொண்ணூற்று நான்கு பேர்.
நேற்று இரவு அறுபதாவதோ என்னவோ,
ங் வெய் ஷான் பெயரைச் சொன்னான்.
எழுதிக்கொண்டேன், நன்றி என்றேன்.
'உங்கள் பெயர் என்ன, மிஸ்? முழுதாக.'

இருபத்தாறு ஆண்டில் யாரும் கேட்டதில்லை.
பூம்பொழில் என்றேன்.
'பூம்பொலில்.'
இல்லை, நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே.
'பூம்பொரில்.'
பரவாயில்லை, மணியாகிறது என்றேன்.
'இருங்கள் மிஸ், மெதுவாக இன்னொரு முறை.'

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம்.