பூ போட்ட நாள்

காய்ச்சல் இறங்கிய பத்தாம் நாள்
குணாளன் டுரியான் சுளையை
மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு
"இது தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.
பாலிக் பூலாவ் வளைவுகளில் லோரி ஏறும்போதே
எந்தத் தோட்டத்தில் பழம் விழுந்திருக்கிறது என்று
கண்ணாடியை இறக்காமல் சொன்ன மனிதர்.

அதே மாதம் ரத்தத்தில் சர்க்கரை.
கிளினிக் தாளில் டாக்டர் எழுதியது ஒரே சொல்:
சாலட்.
அடியில் இரண்டு கோடு.

முதல் வாரம்
வெள்ளரி, தக்காளி, கோஸ்,
மேலே போத்தலிலிருந்து வெள்ளையாய் ஏதோ.
"மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறியே."
மாடாவது அசை போடும்.
இவர் விழுங்கினார்.

மூக்கு போனவருக்கு என்ன மிச்சம்?
ஜெலுத்தோங் பசாரில், ஈரத் தரையில்,
கூடையோடு நின்று கணக்குப் பார்த்தேன்.
நாக்கு இருக்கிறது: புளிப்பு, உப்பு, கசப்பு, கொஞ்சம் இனிப்பு.
மிளகாய் எரியும்;
அது வாசனை அல்ல, வலி. வலி எங்கும் போகவில்லை.
புதினா குளிரும்.
பல் இருக்கிறது, கடைவாயில் ஒன்று குறைய.
காது இருக்கிறது.

அன்றிலிருந்து
காதுக்குச் சமைத்தேன்.

வெள்ளரியைச் சீவி உப்பைத் தூவிச்
சாய்த்து வைத்தால் அழும்.
அழுது முடிக்கும்வரை காத்திருந்து பிழிய வேண்டும்.
அப்போதுதான் கடித்தால் பதில் சொல்லும்.
சிங்குவாங் குச்சிகளுக்கு ஐஸ் தண்ணீரில் அரைமணி.
பொரித்த நெத்திலி கடைசியில்தான்,
முன்னால் போட்டால் ஊமையாகிவிடும்.
கச்சாங்கை வறுத்து ஒன்றிரண்டாய்த் தட்டி,
கடுகு வெடிக்கிற எண்ணெயை
அவர் பக்கத்தில் நின்று, அவருக்குக் கேட்கும்படி
கிண்ணத்தில் கொட்டுவேன்.
கஸ்தூரி எலுமிச்சை மூன்று. மறுநாள் ஐந்து.
புளிப்பு தாங்காமல்
அவர் ஒரு கண்ணை இறுக்கி மூடிய இரவு
தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

பாகற்காயைப் பச்சையாய்
வளையம் வளையமாய் வைத்த கதை
இங்கே வேண்டாம்.

கக் ரோஸ்னா மட்டும் விடமாட்டாள்.
கீரைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து
புங்கா கந்தான் மொட்டு ஒன்றை உருவித் தூக்கிக் காட்டுவாள்.
நான் தலையாட்டிவிட்டு நகர்வேன்.
மெல்லியதாய் அரிந்து தூவினால்
இஞ்சியும் எலுமிச்சையும் மழை விட்ட மண்ணும்
ஒன்றாய்க் கிளம்புமே, அந்தப் பூ.
அவருக்கு அது இளஞ்சிவப்பு நார்.
பார்வையில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து
படம் பார்ப்பது போல
எனக்கொரு கூச்சம்.

ஒரு வியாழக்கிழமை வாங்கிவிட்டேன்.
என் கிண்ணத்தில் மட்டும்,
வெள்ளரிக்கு அடியில், திருட்டுத்தனமாய்.
அடுத்த வாரமும்.
அதற்கடுத்த வாரம் இரண்டு மொட்டு.
அவர் எதுவும் கேட்கவில்லை.
கேட்க அவருக்கு வழியில்லை என்று நினைத்தேன்.

நேற்று அடைமழை, கக் ரோஸ்னா வரவில்லை.
பூ இல்லாமலே பிசறி வைத்தேன்.
பதினோராம் மாடி, சன்னல் பாதி திறப்பு,
தூரத்தில் பாலத்து வண்டிகளின் இரைச்சல்,
இங்கே இரண்டு பேர் மெல்லும் சத்தம்.
அவர் நிமிர்ந்தார்.
"இன்னைக்குப் பூ இல்லையா?"

என் கரண்டி நின்றுவிட்டது.
"வாசன தெரியுதா? வந்துருச்சா?"

"அதெல்லாம் இல்ல.
பூ இருக்கிற அன்னைக்கு
மொத வாய்க்கு நீ கண்ண மூடுவ."

பிறகு கிண்ணத்தைக் கிளறிப் பார்த்து
கச்சாங் போதவில்லை என்றார்.
போதவில்லைதான்.
எழுந்து போய் டின்னோடு எடுத்து வந்தேன்.