நாடி

வென்ட்வேர்த்வில் பல் டொக்டர்
கொடுப்புப் பல்லைப் பிடுங்கினது மாசியில்.
வேரில் பழுது என்றார்.
பங்குனி முடிந்தும் குழி மூடவில்லை.
தலையணை உறையை இரவில் இரண்டுதரம் மாற்றினேன்.
முரசில் ஒரு தசை, நாவற்பழ நிறத்தில்,
கிழமைக்குக் கிழமை வளர்ந்தது,
தொட்டால் ரத்தம்.

வெஸ்ட்மீட்டில் அதில் ஒரு துண்டு நறுக்கி எடுத்தார்கள்.
இது வாயில் பிறந்ததில்லை என்றாள் பெரிய டொக்டர்.
பிறந்த இடம் இடப்பக்கச் சிறுநீரகம்.

பெண்டில் ஹில்லைத் தாண்டிப் போவதென்றால்
முழங்கால் நோவைச் சாட்டுச் சொல்கிற மனுசன்.
மெல்பேர்ணில் கலியாணம் என்றாலும்
என்னைத்தான் தனியே அனுப்புவார்.
அவருக்குள் இருந்தது மட்டும்
ஒருவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டு
இடுப்பிலிருந்து வாய்வரைக்கும் வந்திருக்கிறது.

பல் டொக்டர் பின்னேரம் போன் எடுத்தார்.
அந்தப் பல்லில் ஒரு பிழையும் இருந்திருக்காது என்றார்.
காசைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டார்.

அடுத்தமுறை, மொழிபெயர்க்க
மேசையில் ஒரு தொலைபேசி.
அதற்குள் ஒரு பெண், சென்னைத் தமிழ்,
மரியாதையான குரல்.
"சார், எங்க மரத்துப் போயிருக்குன்னு கேக்கறாங்க."
"நாடி விறைச்சுப் போச்சு" என்றார் இவர்.
அவள் கொஞ்சம் தயங்கினாள்.
பிறகு சொன்னதில் "பல்ஸ்" மட்டும் எனக்குக் கேட்டது.
டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து
இவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நான் சிரித்துவிட்டேன்.
அந்த அறையில் சிரிக்கலாமோ தெரியாது.
இவரும் சிரிக்கப் பார்த்தார். பாதி உதடு
வரவில்லை.
என் முகவாயைத் தொட்டுக் காட்டினேன்:
எங்கட ஆக்களுக்கு இதுதான் நாடி.
டொக்டர் விளங்கித் தலையாட்டினாள்.
ஆனால் கையை விடவில்லை.
கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இப்போது கஞ்சிதான், ஆறவைத்து.
ஒரு பருக்கை உதட்டுக்குக் கீழே ஒட்டிக் கிடக்கும்.
இவருக்குத் தெரியாது.
மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சம்பந்தி ஆக்களுக்கு முன்னால்,
நான் என் நாடியைத் தொடுவேன்.
அவர் தன் நாடியைத் துடைப்பார்.
ஒரு கதையும் இல்லை.

நேற்று ஏதோ யோசனையில்
கையை நாடியில் ஊன்றி இருந்துவிட்டேன் போல.
நிமிர்ந்தால், எதிரில் அவர்
துடைத்துக்கொண்டே இருக்கிறார்
ஒன்றும் ஒட்டாத இடத்தை.