சொகுசு தொண்ணூற்றேழு

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் முடிந்து
வாளியில் வெந்நீர் ஊற்றி
மேசைக்கடியில் கால்களை இறக்கிய பிறகுதான்
மடிக்கணினியைத் திறப்பேன்.
நேற்றுப் பாதியில் விட்ட கார்
சக்கரமில்லாமல் நிற்கிறது.

ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன்: சொகுசு எண்பத்தொன்று.
பன்னிரண்டு சிலிண்டர், இரட்டைக் கண்ணாடி,
இருக்கைக்குக் கைத்தையல் தோல்: தொண்ணூறு.
எடை மூன்று டன்னைத் தாண்டியது.
தாண்டட்டும், நானா தள்ளப் போகிறேன்?

இன்னும் தளர்த்தினேன்.
சோதனை ஓட்டத்தின் முதல் வளைவிலேயே
கார் பட்டர்வொர்த் பெர்ரி மாதிரி ஆடியது.
மீ கோரேங் பொட்டலத்தைப் பிரித்தபடி
அறைத்தோழி புஷ்பராணி எட்டிப் பார்த்தாள்:
"இதுல ஏறுனா வாந்திதான்."
நான்கு க்ளிக் பின்வாங்கினேன்.

பின்னிருக்கையில் மூவரை
இருவராக்கினேன். உடனே தொண்ணூற்றேழு.
ஓர் ஆளை இறக்கிவிட்டால்
மிச்சப் பேருக்கு எவ்வளவு வசதி என்று
இந்த விளையாட்டு கணக்கு வைத்திருக்கிறது.
போன மாதம் எங்கள் லைனில் கனகாம்பாளை இறக்கினார்கள்.
அவள் மெஷினையும் சேர்த்து
பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்க்கிறேன்.
எண் எங்கே ஏறியதோ.

கழுத்துக்கு ஒரு கட்டம், இடுப்புக்கு ஒன்று,
முதுகைப் பிடித்துவிடும் மோட்டாருக்கு மூன்று.
பாதத்துக்கு எது என்று
எல்லாப் பட்டியலையும் திறந்து பார்த்தேன்.
காணோம்.

ஆண்டு விற்பனை: பதினொரு கார்.
"யாருடி அந்தப் பதினொரு பேரு?"
புஷ்பராணிக்குத் தெரிந்தாக வேண்டும்.
மாடலுக்குப் பெயர் கேட்டு
பெட்டிக்குள் கோடு சிமிட்டுகிறது.

தண்ணீர் ஆறிவிட்டது.
எழுந்து கெட்டிலைப் போட வேண்டும்,
ஒரு க்ளிக்,
ஸ்பிரிங்கை இன்னும் ஒரே ஒரு க்ளிக்.