பகலில பதின்மூண்டு புள்ளி எட்டு

திறப்பைத் திருப்பினால்
டக்.
அதுக்கு மேல ஒண்டும் இல்லை.
டாஷில சிவப்பு லைற் மட்டும்
காய்ச்சல்காரன் கண் மாதிரி
பாதி திறந்து கிடக்கும்.

கண்டியில வாங்கேக்க வித்தவன் சொன்னவன்:
“பள்ளத்தப் பாத்து நிப்பாட்டுங்க அக்கா, உருட்டி எடுக்கலாம்.”
ஏழாலையில பள்ளத்துக்கு நான் எங்க போவன்?
கிணத்தைத் தவிர
இஞ்சை எல்லாம் மட்டம்.

முதல்ல பற்றறியைத்தான் குற்றம் சொன்னன்.
முனையில பூத்திருந்த வெள்ளையையும் பச்சையையும்
சுடுதண்ணி ஊத்திக் கழுவி
கிறீஸ் பூசிப் பாத்தன்.
பிறகு சுன்னாகத்தில
நாப்பத்தாறாயிரம், பாதி கடன்,
புதுசு ஒண்டு.
ரெண்டு நாள் ஓடிச்சு.
மூண்டாம் நாள் விடிய, டக்.

மழை விட்டு மண் பதமாக் கிடக்கிற கிழமை.
கிழங்கு நட எட்டுப் பேர் நாள் சொல்லிப்போட்டுப்
பாத்துக்கொண்டிருக்கினம்.
அதில ஒருத்தர்
பக்கத்து வளவு வைத்திலிங்கம்.
எனக்கும் அவருக்கும்
ஒண்டரை அடி எல்லைக்கு
மல்லாகம் கோட்டில நாலு வருச வழக்கு.
கதை பேச்சு இல்லை.
ஆனால் அவற்ற தறையையும் என்ர மெசின்தான் உழவேணும்.

அதால விடிய ஆறு மணிக்கு
வேலிப் பொட்டுக்குள்ளால
ரெண்டு கவ்வி வரும்.
சிவப்பு ஒண்டு, கறுப்பு ஒண்டு.
அங்கால அவற்ற வான் உறுமும்.
சிவப்பைச் சிவப்பில கொளுவி
கறுப்பை இரும்பில கடிக்க விட்டுத்
திருப்புவன். பிடிக்கும்.
கழட்டிப் பொட்டுக்குள்ளால தள்ளிவிடுவன்.
நன்றி எண்டு சொன்னால்
அப்புக்காத்து என்ன சொல்லுவாரோ எண்டு
அதையும் விழுங்குவன்.

இளவாலையிலயிருந்து மரியசீலன் வந்தான்.
ஓட விட்டு மீற்றரால அளந்தான்:
பதின்மூண்டு புள்ளி எட்டு.
“ஏத்துறது சரியா ஏத்துது. பெல்ற்றும் இறுக்கம்.
அப்ப குடிக்கிறது ஆர்?”

நிப்பாட்டினான்.
திறப்பைத் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டான்.
கறுப்பு வயரைக் கழட்டி
முனைக்கும் வயருக்கும் நடுவில
சின்ன பல்ப் ஒண்டைப் பிடிச்சான்.
எரிஞ்சுது.

லைற் இல்லை, ஹோர்ண் இல்லை,
என்ர பெடியன் பூட்டின பாட்டுப்பெட்டியும் பாடேல்லை.
ஆனாலும் எரியுது,
ஆரோ ஒருத்தர் உள்ள முழிச்சிருக்கிற வீடு மாதிரி.

பியூஸ் ஒவ்வொண்டாப் பிடுங்கினான்.
முன் லைற். எரியுது.
பின் லைற். எரியுது.
பாட்டுப்பெட்டியைத்தான் நான் நம்பியிருந்தன்.
பெடியனை ஏச
வாயைத் திறந்து வைச்சிருந்தன்.
எரியுது.

அப்பதான் கேட்டான்:
“இதில ஏன் பூனை மயிர் கிடக்கு?”

வைத்திலிங்கத்தாற்ற மண்ணிறப் பூனை.
மழை தொடங்கின நாளிலயிருந்து
பொட்டுக்குள்ளால வந்து
ஒல்ரனேற்றரில வயித்தை ஒட்டிக்கொண்டு படுக்கும்.
நிப்பாட்டின இரும்பு
விடியும் வரைக்கும் ஏன் சூடாக் கிடக்கெண்டு
நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை.
பூனை யோசிக்காமலே கண்டுபிடிச்சிட்டுது.

தடிச்ச வயரைக் கழட்டினான்.
பல்ப் அணைஞ்சுது.

“உள்ள டயோட் பழுது, அக்கா.
அது ஒரு வழிக் கதவு. இப்ப ரெண்டு பக்கமும் திறக்குது.
பகலில ஊத்திறவனே
இரவில வந்து குடிக்கிறான்.”

அடுத்த நாள் விடிய
முதல் திருப்பிலயே பிடிச்சுது.
கவ்வி ரெண்டும் வழமை போல
பொட்டுக்குள்ளால வந்து கிடந்தது.
அங்கால வான் உறுமிக்கொண்டு நிண்டது
கொஞ்ச நேரம்.
பிறகு சத்தம் இல்லை.

அண்டைக்கு அவற்ற தறையைத்தான் முதல் உழுதன்.
கூலியை மருமோனிட்டக் குடுத்தனுப்பினார்,
ஒரு ரூபா குறையாமல்.

இரவு பூனை வந்தது.
ஒரு காலை வைச்சுப் பாத்து எடுத்தது.
என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுத்
திரும்பிப் போச்சுது.

வழக்கு பதினேழாந் திகதி.
கவ்வி ரெண்டும் இன்னும் பொட்டிலதான் கிடக்கு,
பாதி வயர் அங்கால, பாதி இஞ்சால.
அவரும் இழுக்கேல்லை.
நானும் தள்ளேல்லை.