காத்து எடுக்கிறது

சுண்டுக்குளி வெயிலுக்குச்
சுடுதண்ணி எதுக்கெண்டு கேட்டால்
பேர்சிவல் தன் விடுதியின் கொப்பியை விரிப்பார்:
ஆறாம் அறை, பேர்கனில் இருந்து, பிள்ளை பெத்து நாற்பது நாள்.
இரண்டாம் அறை, முழங்கால் ஒத்தடம்.

கூரையில் சூரிய ஹீற்றர்.
பைப்பில் காத்து.

முதல் திங்கள் போனேன்.
வளைவில் நட்டைத் தளர்த்த
ஸ்ஸ் எண்டு நீளமாய் ஒரு மூச்சு,
பிறகு துப்பல், சுண்ணாம்புத் தூள், பிறகு சூடு.
ஆயிரத்தைந்நூறு ரூபா. கோப்பி.
அடுத்த திங்கள் அதே நட், அதே ஸ்ஸ்.
கோப்பி இல்லை.
மூன்றாம் திங்கள்
என் முகத்தைப் பாராமல் காசைத் தந்தார்.
அதுதான் சுட்டது.

காத்தைத் திறந்துவிட எவனாலும் ஏலும்.
அது எங்கால வருகுது?

ஞாயிறு, கூலி கேளாமல்
ஒரு போத்தல் மோரோடு கூரையில் இருந்தேன்.
மூட்டு மூட்டாய்ச் சவர்க்கார நுரை பூசினேன்.
ஒரு குமிழிகூட இல்லை.
பதினொன்றரைக்குக் கீழே ஞானஸ்நான விருந்து,
நூற்றிருபது கோப்பை,
குசினியின் மூன்று பைப்பும் ஒரேயடியாய்த் திறந்தபடி.
தாங்கியின் மூடியைத் தூக்கினேன்.
தண்ணி இறங்குது, இறங்குது.
அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்:
ஒன்று குசினிக்கு, ஒன்று ஹீற்றருக்கு,
ஒரே உயரத்தில், யாரோ அவசரத்தில் துளைத்தது.
ஹீற்றர் வாய்க்கு மேல் தொப்புளளவு ஒரு சுழி.
பிறகு, குளிர்பானத்தின் கடைசிச் சொட்டைப்
பிள்ளை உறிஞ்சும் சத்தம்.

அடப்பாவி,
உன்னையோ மூன்று கிழமை தேடினேன்.

குசினி வாயை ஒரு சாண் உயர்த்தினேன்.
வளைவின் முதுகில் மெல்லிய பைப் ஒன்றைத்
தாங்கியின் தலைக்கு மேல் கொண்டுபோய்க்
குடைப்பிடிபோல் கவிழ்த்தேன்.
உள்ளே பிறக்கிற காத்து
இனி என்னைக் கூப்பிடாமல் போகட்டும்.

"அப்ப, தண்ணி குறைஞ்சால்?"
"முதலில் குசினிக்கு நிக்கும்."
"இன்னொரு தாங்கி வேணுமோ?"
"வேணும்."
பேர்சிவல் கொப்பியை மூடினார்.

நாலு திங்கள் அழைப்பில்லை.
கணக்குப் பார்த்தால் எனக்கு ஆறாயிரம் நட்டம்.
ஐந்தாம் திங்கள் நானே எடுத்தேன்.
அவர் பதில் சொல்லவில்லை,
போனைக் குளியலறைப் பைப்புக்குக் கிட்டப் பிடித்தார்.
துப்பாமல், விக்காமல்
ஒரே நூலாய்த் தண்ணி.

கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னார்:
"நில்லும், வைக்காதையும்.
சமைக்கிற மனோரஞ்சிதம்
உம்மோட கதைக்கவேணுமாம்."