நாலு விரற்கடை

பாவநாசம் பாலத்தில் படப்பிடிப்புக்கு வந்த கார்
நாலு விரற்கடை கண்ணாடியை இறக்கியது.
ஒரு கை. தங்க வாட்ச். அவ்வளவுதான்.
ஏழு மணி நேரம் வெயிலில் நின்ற உச்சிமாகாளி
அந்தக் கையை வைத்தே
விக்கிரமசிங்கபுரம் கிளை மன்றத்தை
இருபத்தாறு வருசம் ஓட்டினான்.
சொல்லச் சொல்ல
கைக்கு மச்சம் வந்தது, மோதிரம் வந்தது,
ஒருதரம் அது இவனைப் பார்த்து அசையவும் செய்தது.

இப்போது தலைவர் தினமும் லைவில் வருகிறார்.
முழங்காலில் பட்டை, கருகின தோசை,
உள்ளேயிருந்து மிக்ஸி சத்தம்.
பார்ப்பவர்கள் இருநூற்றுப் பதினொன்று.
இவன் அனுப்பும் இதயங்கள்
திரையோரமாக ஏறிப்போய்க் காணாமல் போகும்.

நேற்று கேட்டே விட்டான்:
பாவநாசம், கறுப்பு கார், ஞாபகம் இருக்கா தலைவரே?
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
"அங்கயா? எனக்குக் காய்ச்சல் தம்பி.
டூப்பை வச்சு எடுத்தாங்க."
அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து:
முடிக்கு என்ன எண்ணெய்?

"போச்சா மன்றம்?" என்றேன்.
"ஏல, சும்ம கெட."
போனைக் கவிழ்த்து வைத்து
வெகுநேரம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.
பிறகு, ரொம்ப மெதுவாக:
"அப்பம் அந்தக் கை யாருதுலே?"